வாரம் ஒரு கதை

அன்புள்ள சார்,

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறேன். கேபிள் வந்த புதிதில் ஸ்டார் ட்ரெக், எக்ஸ் ஃபைல்ஸ் பார்த்து வளர்ந்தவன். கடை சாத்தியதும் கல்மண்டபம் டீக்கடையில் நாங்கள் நாலு பேர் இதைத்தான் பேசுவோம். இப்போது வரும் அறிவியல் புனைவுத் தொடர்களில் காசு தெரிகிறது, கதை இல்லை. எதை எடுத்தாலும் அரசியல். டிவியில் இந்த வகையே செத்துவிட்டது என்பது எங்கள் முடிவு. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? தமிழில் ஏன் வருவதே இல்லை?

ர.

அன்புள்ள ர.,

அரசியல் விஷயத்தில் உங்கள் நாலு பேர் கட்சியில் நான் இல்லை. ஸ்டார் ட்ரெக்கில் 1969-லேயே, முகம் பாதி கறுப்பு பாதி வெள்ளையாக இரண்டு பேர் வருவார்கள். ஒருவருக்கு வலப்பக்கம் கறுப்பு, மற்றவருக்கு இடப்பக்கம். அதற்காகவே ஒருவரையொருவர் துரத்துவார்கள். இதைவிடப் பச்சையாக அரசியல் பேச முடியுமா? சின்ன வயதில் நமக்கு அது வெறும் மேக்கப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஆனால் ஏதோ குறைந்துவிட்டது என்பது சரி. என் கணக்கில் குறைந்தது எபிசோடுகள்தான். ஸ்டார் ட்ரெக் வரிசையில் பிறகு வந்த 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடர் 1987-லிருந்து 1994 வரை 178 எபிசோடு ஓடியது. அத்தனை வாரத்தை நிரப்பியாக வேண்டும் என்பதால் குப்பையும் நிறைய வந்தது. முதல் சீசனை இன்று உட்கார்ந்து பார்ப்பது கஷ்டம். ஆனால் அந்த நெருக்கடியில்தான் வெளியாட்களும் உள்ளே வந்தார்கள். 1989-ல் வந்த 'தி மெஷர் ஆஃப் எ மேன்' எபிசோடை எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் வக்கீலாக இருந்தவர். கப்பலில் வேலை செய்யும் டேட்டா என்ற ஆண்ட்ராய்டை, அதாவது மனித உருவ ரோபோவை, கழற்றி ஆராய ஒருவர் வருகிறார். டேட்டா முடியாது என்கிறான். அவன் ஆளா, விண்வெளிப் படையின் சொத்தா? வழக்கு நடக்கிறது. டேட்டாவுக்கு எதிராக வாதாடும் வேலை அவன் நண்பர் ரைக்கர் தலையில் விழுகிறது. வாதத்தின் நடுவே அவர் போய் டேட்டாவின் சுவிட்சை அணைத்துவிடுவார். சண்டை இல்லை, வெடிப்பு இல்லை. ஒரு அறை, நாலு நாற்காலி.

காசு இல்லாததும் ஒரு வசதிதான். முதல் ஸ்டார் ட்ரெக்கில் ஆளைக் கரைத்துக் கீழே அனுப்பும் கருவி வந்ததே, விண்கப்பலை ஒவ்வொரு கிரகத்திலும் இறக்கிக் காட்டப் பணம் போதாததால்தான்.

இப்போது பாருங்கள். 'செவரன்ஸ்' 2022-ல் 9 எபிசோடு. அடுத்த சீசன் 2025 ஜனவரியில், 10 எபிசோடு. நல்ல தொடர், மறுக்கவில்லை. ஆனால் மூன்று வருஷம் காத்திருந்து பார்ப்பவனுக்கு மெயின் கதை நகர்ந்தாக வேண்டும். நடுவில் ஒரு வாரம் சம்பந்தமில்லாமல் ஒரு வழக்கைக் காட்டினால் நீங்களே டீக்கடையில் திட்டுவீர்கள்.

செத்துவிட்டது என்பது கொஞ்சம் ஜாஸ்தி. 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரை 2018-ல் கைவிட்டது எது தெரியுமா? அறிவியல் புனைவுக்கென்றே தொடங்கிய சைஃபை சானல். ரசிகர்கள் பணம் போட்டு அமேசான் அலுவலகத்துக்கு மேலே விமானத்தில் பேனர் பறக்கவிட்டார்கள். அமேசான் எடுத்து இன்னும் மூன்று சீசன் ஓட்டியது.

அப்புறம் தமிழ். வரவே இல்லை என்று சொல்லாதீர்கள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தது, ஜீனோ என்ற ரோபோ நாயோடு. அறிவியல் புனைவு இல்லையென்றாலும் 'மர்மதேச'த்துக்கு வாரம் முழுக்கக் காத்திருந்தோம். பிறகு மெகா சீரியல் வந்து வாராந்தரத் தொடருக்கான நேரத்தை விழுங்கிவிட்டது. தினமும் அரை மணி நேரம் தயாராக வேண்டிய இடத்தில் புதுசாக யோசிக்க யாருக்கு நேரம்? வாரம் ஒரு மணி நேரம் கொடுத்தால் எழுத ஆள் கிடைப்பார்கள். பட்ஜெட் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோர்ட் செட் இல்லாத சீரியல் கம்பெனி இந்த ஊரில் உண்டா?