காங்கர் விலாங்கு எங்கே முட்டையிடுகிறது? அதன் குஞ்சை யாரும் பார்த்ததே இல்லை என்பது உண்மையா?

குஞ்சைப் பார்த்திருக்கிறார்கள், 18ஆம் நூற்றாண்டிலேயே. அது காங்கரின் குஞ்சு என்று கண்டுகொள்ளத்தான் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

முதலில் பெரிய மீனைப் பற்றி. ஐரோப்பியக் காங்கர் அட்லாண்டிக்கின் கிழக்குக் கரையிலும் மத்தியதரைக் கடலிலும் வாழ்வது. பகலில் பாறை இடுக்கிலோ மூழ்கிய கப்பலின் உடைசலிலோ பதுங்கிக் கிடக்கும், இருட்டியதும் இரை தேடும். 1995இல் இங்கிலாந்தின் டெவன் கரைக்கு அப்பால் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 60 கிலோ இருந்தது. பாம்பு மாதிரி தெரிந்தாலும் செவுளால் மூச்சுவிடும் அசல் மீன்தான். நம் மீனவர்கள் அஞ்சாலை என்று சொல்லும் மீனுக்குப் பக்கத் துடுப்பு கிடையாது, காங்கருக்கு உண்டு. இரண்டையும் பிரித்தறிய அதைப் பார்த்தாலே போதும்.

இவ்வளவு பெரிய மீன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் முட்டையிடும். அதற்காகக் கரையை விட்டு ஆழ்கடலுக்குப் போகிறது. அதற்கு முன்பே இரை எடுப்பதை நிறுத்திவிடும். குடல் சுருங்கும், பல் உதிரும், எலும்பில் இருக்கும் சுண்ணாம்புச் சத்துகூடக் கரைந்து போகும். உடம்பில் இருந்ததெல்லாம் பல லட்சம் முட்டைகளாக மாறுகிறது. முட்டையிட்டதும் மீன் இறந்துவிடும். தொட்டியில் வளர்த்த காங்கர்களிடம் இந்த மாற்றங்களை 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருக்கிறார்கள். மீன்களின் வாழ்க்கையில் இதைவிட என்னை உலுக்கிய விஷயம் வேறில்லை.

இனி குஞ்சு. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு விலாங்குக் குஞ்சை ஃபார்மலின் குப்பியில் பார்த்திருக்கிறேன். தட்டையான இலை போன்ற உடம்பு, அதன் நுனியில் உடம்புக்குப் பொருந்தாத சின்னத் தலை, இரண்டு கரும்புள்ளிகளாகக் கண். பக்கவாட்டில் தசை மடிப்புகள் வரிவரியாக நெருங்கி ஓடின. ஃபார்மலினில் அது வெளிறிப் போயிருந்தது. உயிரோடு இருக்கும்போது ரத்தத்தில் சிவப்பணுவே இருக்காது என்பதால் உடம்பு கண்ணாடி போல இருக்கும். பின்னால் இருப்பதெல்லாம் தெரியும். உள்ளே பெரும்பகுதி வெறும் கூழ்தான்.

இதைப் பார்த்தவர்கள் தனி மீன் என்று நினைத்ததில் ஆச்சரியமே இல்லை. லெப்டோசெஃபாலஸ் என்று தனிப் பேரினமே வைத்தார்கள். இது காங்கரின் இளம் வடிவம்தான் என்று அமெரிக்கரான தியோடர் கில் 1864இல் சொன்னார். 1886இல் பிரான்ஸின் ரோஸ்காஃப் கடல் ஆய்வகத்தில் ஈவ் டெலாஜ் ஒரு குஞ்சைத் தொட்டியில் வைத்துக் கவனித்தார். அவர் கண் முன்னாலேயே அது காங்கராக உருமாறியது. உருமாறும்போது குஞ்சு வளர்வதில்லை, நீளத்தில் குறைகிறது! கூழாகச் சேர்த்து வைத்ததை உடம்பு கட்டுவதற்குச் செலவழித்துவிடுகிறது.

அஞ்சாலை, நன்னீர் விலாங்கு, மணலில் குழி தோண்டித் தலையை மட்டும் நீட்டி நிற்கும் தோட்ட விலாங்கு எல்லாமே இந்த இலைப் பருவத்தைக் கடந்து வருபவைதான். பார்க்க விலாங்கு போலவே இல்லாத டார்பன் மீனுக்கும் இதே குஞ்சுதான். இவை ஒரே பெரிய குடும்பம் என்று சொல்ல இதுவும் ஒரு முக்கியமான சான்று.

அப்புறம், இணையத்தில் சுற்றும் 'ராட்சத விலாங்குக் குஞ்சு' கதையையும் கேட்டிருப்பீர்கள். டென்மார்க்கின் டானா ஆய்வுக் கப்பல் 1930இல் தென்னாப்பிரிக்கா பக்கம் 1.8 மீட்டர் நீளக் குஞ்சு ஒன்றைப் பிடித்தது உண்மை. குஞ்சே இவ்வளவு என்றால் தாய் 30 மீட்டர் இருக்குமே, கடல் நாகம் இதுதானோ என்று பேச்சு கிளம்பியது. 1970இல் டேவிட் ஸ்மித் என்ற ஆய்வாளர் அதை முடித்து வைத்தார். அந்த வகைக் குஞ்சு விலாங்கினுடையதே அல்ல, முள்விலாங்கு என்ற ஆழ்கடல் உறவினருடையது. அவை குஞ்சாக இருக்கும்போதே நீளமெல்லாம் வளர்ந்து முடித்துவிடும். உருமாறிய பிறகு அதிகம் நீள்வதில்லை.