ஆத்தா கைப்புண்ணும் வெள்ளி டிரஸ்ஸிங்கும்

தேவகோட்டைல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "ஆத்தா வெள்ளைப் பணியாரம் ஊத்தும்போது எண்ணெய் கொட்டி முன்னங்கை வெந்துபோச்சு டாக்டர். பத்து நாளா வெள்ளை கிரீம் வச்சுக் கட்டுறோம், இப்ப துணியில பச்சையா சீழ் ஒட்டுது. வெள்ளி டிரஸ்ஸிங் போடணும்ங்கிறாங்க, விலை ஜாஸ்தி. மாத்திரை மட்டும் போதாதா?"

போதாது தம்பி. மாத்திரை ரத்தம் வழியாத்தான் போகணும், வெந்து செத்த தோல்ல ரத்தக்குழாயே கருகிக் கிடக்கும், தண்ணி எட்டாத கடைமடை வயல் மாதிரி. அதான் மருந்தைக் கட்டுத்துணி வழியாவே இறக்கப் பாக்குறாங்க. நீங்க வைக்கிற கிரீம் அநேகமா சில்வர் சல்ஃபாடயசீன், 1968ல அமெரிக்க ஆராய்ச்சியாளர் சார்லஸ் ஃபாக்ஸ் கொண்டு வந்தது, அதுலயும் வெள்ளிதான் இருக்கு. ஆனா அதோட வேகம் சீக்கிரம் அடங்கிடும், தினமும் அவுத்துக் கழுவணும், அப்ப புதுசா முளைச்ச தோலும் சேந்து பிஞ்சு வரும், ஆத்தா போடுற சத்தம் உங்களுக்கே தெரியும்.

பச்சைன்னா சூடோமோனாஸ் கிருமியோன்னு சந்தேகம். அது கொழகொழன்னு ஒரு படலம் கட்டி உள்ள ஒளிஞ்சுக்கும். அதைச் சுரண்டிக் கழுவாம எவ்வளவு விலையுள்ள டிரஸ்ஸிங் போட்டாலும் காசுதான் தண்டம்.

ரொம்பப் பொடிசான வெள்ளித் துகள் வச்ச நானோ வெள்ளி டிரஸ்ஸிங் கொஞ்சம் கொஞ்சமா வெள்ளி அயனியை விடும் (அயனின்னா மின்னூட்டம் ஏறின அணு, காரைக்குடி செக்ரி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல வேலை பாக்குறவங்க என்னைவிட நல்லாச் சொல்லுவாங்க), வகையைப் பொறுத்து 3 நாள்ல இருந்து 7 நாள் வரை தாங்கும். அதை நனைக்கிறப்ப சலைன் ஊத்தக்கூடாது, உப்புல இருக்கிற குளோரைடு வெள்ளியைப் புடிச்சு வச்சுக்கும், கிருமி நீக்கின ஸ்டெரைல் தண்ணிதான். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப நான் சலைன் ஊத்திட்டு சீனியர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

வெள்ளி கிருமியை மட்டும் கொல்லாது, புதுத்தோல் செல்லையும் கொஞ்சம் வாட்டும், அதனால சீழ் அடங்கினதும் நிறுத்திரணும். கடல்பாசி, இறால் ஓடு, கொலாஜன்லயெல்லாம் இப்ப டிரஸ்ஸிங் செய்றாங்க, கிருமி இருந்தா மட்டும் மருந்தை விடுற மாதிரி ஒண்ணு கொண்டு வரத்தான் ஆராய்ச்சி நடக்குது. நம்ம கைக்கு வர நாளாகும்.

நாளைக்குன்னு தள்ளாம இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க, என்ன கிருமின்னு பாக்க சீழை கல்ச்சர் டெஸ்ட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க, சுகர் பாருங்க, டெட்டனஸ் வராம இருக்க டிடி ஊசி போட்டாச்சான்னு கேளுங்க. காய்ச்சல், நடுக்கம், ஆள் மந்தமா இருக்கிறதுன்னா ராத்திரின்னும் பாக்காம ஓடுங்க. மஞ்சள், பேஸ்ட் எதுவும் தடவ வேணாம்.

ஆமா, அந்தக் கை வளையலைக் கழட்டிட்டீங்களா? வீங்கிட்டா வெட்டித்தான் எடுக்கணும்.