பாமினி கோப்புகள், பழைய லேப்டாப், பேசாத பிரிண்டர்: லினக்ஸ் கேள்வி-பதில்

கேள்வி: பத்து வருடமாக பாமினி எழுத்துருவில் அடித்த பத்திர மாதிரிகளும் விண்ணப்பங்களும் என்னிடம் இருக்கின்றன. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டு, லிபர்ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருளில் திறந்தால் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்தாக வருகிறது. கோப்புகள் கெட்டுப்போய்விட்டனவா?
*– தட்டச்சு மையம் நடத்தும் வாசகர், விருத்தாசலம்*

பதில்: கெடவில்லை. ஓர் எழுத்துகூடத் தொலையவில்லை, பயப்படாதீர்கள். பாமினி, யூனிகோடுக்கு (தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடுகள் தரும் இன்றைய பொது முறைக்கு) முந்தைய முறை. 'அம்மா' என்று நீங்கள் அடித்த சொல், கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுப்பது எழுத்துரு. அது உங்கள் லினக்ஸில் இல்லை, அவ்வளவுதான். மேலே எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள். 'பாமினி' சாய்வெழுத்தில் தெரிந்தால், அந்த எழுத்துரு கணினியில் இல்லை என்று அர்த்தம்.

பழைய கணினியிலிருந்து பாமினியின் டிடிஎஃப் (எழுத்துரு) கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வாருங்கள். லினக்ஸில் உங்கள் ஹோம் ஃபோல்டரைத் திறந்து கண்ட்ரோல்-எச் அழுத்தினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். அங்கே, முன்னால் ஒரு புள்ளி வைத்து 'ஃபாண்ட்ஸ்' என்ற ஃபோல்டர் இல்லையென்றால் உருவாக்கி, டிடிஎஃப் கோப்பை அதில் போடுங்கள். லிபர்ஆஃபீஸை முழுவதுமாக மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

இனிதான் பலர் இடறும் இடம். புது வாக்கியம் தொடங்கி 'அம்மா' என்று அடித்தால் 'ஆம்மா' என்று வரும். லிபர்ஆஃபீஸ் உங்கள் தமிழை ஆங்கிலமாகவே பார்க்கிறது. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடுகிறது. பாமினியில் சிறிய எம் 'அ', பெரிய எம் 'ஆ'. டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் திறந்து, முதல் எழுத்தைப் பெரிதாக்கும் குறியையும், தொடக்கத்தில் வரும் இரண்டு பெரிய எழுத்துகளைத் திருத்தும் குறியையும் எடுத்துவிடுங்கள். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால், அந்த இரண்டாவது குறி இரண்டாம் எழுத்தைச் சிறியதாக்கி, வேறு தமிழ் எழுத்தாக மாற்றிவிடக்கூடும்.

இது தற்காலிக ஏற்பாடுதான். அடிக்கடி எடுக்கும் மாதிரிகளையாவது யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தேடலும் வரிசைப்படுத்தலும் அப்போதுதான் ஒழுங்காக நடக்கும். ஆனால் எழுத்துக்கு எழுத்து 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' செய்து மாற்ற முடியாது. பாமினியில் 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி அதன் பின்னால். வரிசையே வேறு என்பதால் அதற்கென்று எழுதிய மாற்றி தேவை. ஓப்பன்-தமிழ் என்ற, பைத்தான் நிரல்மொழிக்கான நிரலகத்தில் பாமினியை யூனிகோடாக்கும் வசதி இருக்கிறது. இணையம் இல்லாமலே வேலை செய்யும். பத்திரத்தில் அடுத்தவர் பெயரும் சர்வே எண்ணும் இருப்பதால், முன்பின் தெரியாத இணையதளத்தில் அதை ஒட்டாதீர்கள்.

மாற்றும் முன் ஒரு வேலை. மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலப் பெயர் போன்றவை அதே பக்கத்தில் வேறு எழுத்துருவில் இருக்கும். மொத்தமாக மாற்றினால் அவையும் தமிழ்க் குப்பையாகிவிடும். 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' பெட்டியில் ஃபார்மட் பொத்தானை அழுத்தி, எழுத்துரு பாமினி என்று கொடுத்து, 'ஃபைண்ட் ஆல்' செய்யுங்கள். தேர்வானவற்றுக்கு மஞ்சள் பூசுங்கள். மஞ்சள் இல்லாத இடங்களைத் தொட வேண்டாம். கோப்பின் நகலில்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும். எழுத்துருப் பெயர் வானவில் (இன்னொரு பழைய தமிழ் எழுத்துரு) என்றிருந்தால் அதன் அட்டவணை வேறு; பாமினி மாற்றி அதற்கு உதவாது.

புதிதாக அடிப்பவற்றை யூனிகோடிலேயே அடியுங்கள். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவி, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸ் தேர்ந்து, ஒருமுறை லாக்-அவுட் செய்து வாருங்கள். ஐபஸ் அமைப்புகளில் தமிழின் கீழ் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என நான்கே விசைகள். புள்ளி தானாக விழும். பாமினிப் பழக்கத்தை விரல் விடாது என்றால், அதே பட்டியலில் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகையைப் பாருங்கள். இலங்கையில் வழங்கும் அது பாமினியை ஒட்டியது.

கேள்வி: 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப். விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டதே, லினக்ஸ் போட்டால் ஓடுமா?
*– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்*

பதில்: விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. உங்கள் கணினிக்கு லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு பொருந்தும். 2029 வரை ஆதரவு உண்டு. 64 பிட் செயலி வேண்டும். 2 ஜிபி என்பது அதன் குறைந்தபட்சம்தான். கணினி எழும், கடிதம் எழுதலாம். பிரவுசரில் நான்கைந்து டேப் திறந்ததும் திணறும், ஏனென்றால் இன்றைய இணையப் பக்கங்கள்தான் ராமைத் தின்கின்றன. ராமை 4 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்க் இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) மாட்டினால் வேறு கணினி போலாகிவிடும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் முதலில் ராம். வாங்கும்போது பழைய ராமைக் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள். டிடிஆர்3, டிடிஆர்3எல் என்ற ராம் வகைக் குழப்பம் வராது.

நிறுவும் முன் 8 ஜிபி பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று நான்கையும் சோதியுங்கள். பிராட்காம் வைஃபை சில்லு இருந்தால் முதலில் வலை தெரியாமல் போகலாம். போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் செய்து (போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்து), டிரைவர் மேனேஜரில் அதற்கான டிரைவரை நிறுவுங்கள்.

கேள்வி: ஹெச்பி லேசர்ஜெட் 1020 பிரிண்டரை லினக்ஸ் கண்டுபிடிக்கிறது. பிரிண்ட் கொடுத்தால் வரிசையில் ஏறுகிறது, காகிதம் மட்டும் அசையவில்லை.
*– பள்ளி அலுவலகப் பணியாளர், தென்காசி*

பதில்: 1020 தன் ஃபெர்ம்வேரை (தன்னை இயக்கும் உள் மென்பொருளை) நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் கணினிதான் அதை யூஎஸ்பி வழியாக ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் பிரிண்டர் தன் பெயரைச் சொல்லும், வேறெதுவும் செய்யாது. லினக்ஸ் மின்ட்டில் உள்ள எச்பிஎல்ஐபி என்ற ஹெச்பி பிரிண்டர் மென்பொருளுடன், ஹெச்பியின் தனி பிளகின் (துணை மென்பொருள்) ஒன்றையும் நிறுவ வேண்டும். எச்பிஎல்ஐபி அமைப்பில் பிரிண்டரைச் சேர்க்கும்போது பிளகின் வேண்டுமா என்று கேட்கும். இணையம் இருக்கும்போது ஆம் என்று சொல்லி, முடிந்ததும் பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். சில மாதம் நன்றாக ஓடி, ஒரு அப்டேட்டுக்குப் பிறகு மறுபடி நின்றால், எச்பிஎல்ஐபி பதிப்பு மாறி பிளகின் பழையதாகவே நின்றிருக்கும். இரண்டின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். பிளகினை மட்டும் மறுபடி நிறுவினால் போதும்.

கேள்வி: விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருக்கிறேன். லினக்ஸிலிருந்து டி டிரைவில் எதையும் சேமிக்க முடியவில்லை. டேலியை லினக்ஸில் ஓட்ட முடியுமா?
*– மளிகைக் கடைக்காரர், பொள்ளாச்சி*

பதில்: டேலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் போட்டு ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் ஜிஎஸ்டி கணக்கை அதை நம்பி வைக்க வேண்டாம். அதற்கு மட்டும் விண்டோஸை வைத்துக்கொள்ளுங்கள்.

டி டிரைவ் பிரச்சினைக்குப் பெரும்பாலும் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணம். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதி உறக்கத்தில் போகிறது. அந்த நிலையில் எழுதினால் கோப்புகள் சிதையும் என்பதால், லினக்ஸ் படிக்க மட்டும் விடுகிறது. வலுக்கட்டாயமாக எழுத வைக்கும் வழிகளை யாராவது சொன்னால் செய்யாதீர்கள். விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறியை எடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு, ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்குள் வந்தாலும் எழுத முடியும்; ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் முழுதாகத்தான் மூடும்.