டெக்சாஸ் பள்ளிச் சுவரில் கடவுள் வாசகம்: என்ன செய்யலாம்?

வணக்கம். மகள் படிக்கும் அரசுப் பள்ளியில் ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற பலகை மாட்டியிருக்கிறார்கள், வழக்குப் போட்டால் எடுப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். எடுக்க வைப்பது கடினம்.

யாராவது நன்கொடையாகக் கொடுத்தால் மாட்டியே ஆக வேண்டும் என்று 2021-இல் டெக்சாஸ் சட்டம் போட்டது. அந்த வாசகம் நாட்டின் அதிகாரபூர்வ முழக்கமும்கூட. 1864-இலேயே நாணயத்தில் ஏறிவிட்டது என்றாலும், முழக்கமானது 1956-இல், அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்டபோதுதான். கடவுள் மறுப்புக் கம்யூனிஸ்டுகள் நாமல்ல என்று காட்டிக்கொள்ளும் பனிப்போர் அவசரம் அது. 1782 முதல் அரசு முத்திரையில் இருக்கும் ‘பலவற்றிலிருந்து ஒன்று’ எந்த மதத்தையும் தொடவில்லை. அதுவே போதும் என்பது என் கருத்து. ஆனால் 1970-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ‘கடவுளை நம்புகிறோம்’ என்பது சம்பிரதாயமான தேசபக்தி வாசகம், மதத்தை நிறுவுவதாகாது என்று சொல்லிவிட்டது. எனக்கு உடன்பாடில்லை, இருந்தாலும் அந்தப் போக்குதான் நீடிக்கிறது.

சரி, உங்கள் கையில் இருப்பது வேறு. பலகை தொங்கலாம், மகளை அதைச் சொல்லவைக்க முடியாது. பள்ளியில் சொல்லும் கொடி வணக்க உறுதிமொழியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது பார்னெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1943-இல் தந்த தீர்ப்பு. நியூ ஹாம்ப்ஷயரில் வண்டி எண் பலகையிலிருந்த மாநில முழக்கத்தை மறைத்தவருக்கும் 1977-இல் உச்ச நீதிமன்றம் துணைநின்றது. உறுதிமொழியில் ‘கடவுளின் கீழ்’ என்பது உறுத்தினால் பள்ளிக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள். டெக்சாஸ் சட்டப்படி பெற்றோர் எழுதிக் கேட்டால் விலக்குத் தர வேண்டும். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.