ஒழுக்கமா, ஆளா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

மகனைப் பார்க்க அமெரிக்கா போனபோது எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைச் சுற்றிப் பார்த்தோம். வாசலில் பணம் கட்டினால் கையில் ஒரு வரைபடம் தருகிறார்கள், அதற்கப்புறம் எங்கே வேண்டுமானாலும் இறங்கி நடக்கலாம். கண்ணில் ஒரு காகிதக் குப்பை படவில்லை. முதுமலையில் வனத்துறை வண்டியில் ஏற்றி ஒரு சுற்று சுற்றிக்காட்டி இறக்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு உள்ள ஒழுக்கம் நமக்கு இல்லை என்பதுதானே காரணம்? அவர்கள் முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் என்ன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வெளிநாடு போய்வந்த நம் ஆட்கள் முதலில் சொல்வது இந்த ஒழுக்கத்தைத்தான். ஆனால் 2018 டிசம்பர் கடைசியில் பட்ஜெட் தகராறில் அமெரிக்க அரசாங்கம் 35 நாள் முடங்கியது. பல பூங்காக்களின் வாசலைத் திறந்தே வைத்துவிட்டு ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் உள்ள ஜோஷுவா ட்ரீ பூங்காவில் கழிப்பறைகள் நிறைந்தன, குப்பை குவிந்தது, பாதையை விட்டு இறங்கிப் பாலைவனத்தில் வண்டி ஓட்டினார்கள், அந்தப் பூங்காவுக்குப் பெயர் கொடுத்த மரங்களையே சிலர் சேதப்படுத்தினார்கள். ஜனங்கள் மாறவில்லை, ரேஞ்சர் என்கிற பூங்காக் காவலர்தான் இல்லை.

எல்லோஸ்டோனின் குப்பைத் தொட்டியைக் கவனித்திருப்பீர்களே? கனமான இரும்புப் பெட்டி. கைப்பிடியின் மறைப்புக்குள் விரலை விட்டு உள்ளேயிருக்கும் கொக்கியை அழுத்தினால்தான் மூடி திறக்கும், கரடியின் பாதம் அதற்குள் நுழையாது. அப்படி ஒன்றை யோசித்து, செய்து, வைத்து, தவறாமல் காலி செய்யச் சம்பளம் வாங்கும் ஆள் இருக்கிறார். நீங்கள் பார்த்த சுத்தம் அவருடையது.

அப்புறம், அங்கேயும் இஷ்டத்துக்கு நடந்துவிட முடியாது. வெந்நீர் ஊற்றுகளின் பக்கம் மரப்பாதையை விட்டு இறங்கக் கூடாது, காட்டுக்குள் இரவு தங்க அனுமதிச் சீட்டு வேண்டும், கரடியிடமிருந்து 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இவ்வளவு சொல்லியும் காட்டெருமையோடு படம் எடுக்கப் போய் முட்டு வாங்குகிறவர்கள் உண்டு.

இரண்டு நாட்டுச் சட்டங்களும் தொடங்கும் இடமே வேறு. அங்கே 1916-இல் தேசியப் பூங்காச் சேவை என்ற அமைப்பை உண்டாக்கியபோதே, இயற்கையைக் காப்பதும் மக்களை அனுபவிக்க விடுவதும் இரண்டுமே உன் வேலை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நம் 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போவதற்கே அனுமதி வேண்டும், சுற்றுலா என்பது அனுமதி தரக்கூடிய காரணங்களில் ஒன்று. இங்கே பூங்காவை நடத்துவது மாநில வனத்துறை. வனக்காவலருக்கு ரோந்து, காட்டுத்தீ, வேட்டைக்காரர்கள் என்று வேலை இருக்கிறது, உங்களுக்குக் காட்டை விளக்கிச் சொல்ல அவரை யாரும் நியமிக்கவில்லை.

இடத்தையும் பாருங்கள். எல்லோஸ்டோன் கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர். முதுமலைப் புலிகள் காப்பகம் மொத்தமும் சேர்த்து 700-ஐத் தொடாது, அதற்குள் யானை, புலி, ஊர்கள், நடுவே நெடுஞ்சாலை. கிண்டி தேசியப் பூங்கா 3 சதுர கிலோமீட்டர்கூட இல்லை! இதில் எல்லாரையும் இறக்கிவிட்டால் யானை எங்கே போகும்? எல்லோஸ்டோனின் அந்த ஆளில்லாத விரிவும் தானாக வந்ததல்ல. ஷோஷோனி போன்ற பழங்குடிகள் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள், 1886 முதல் 1918 வரை ராணுவமே பூங்காவை நடத்தியது. அதையும் சேர்த்தா கொண்டுவரச் சொல்கிறீர்கள்?

எனக்குப் பொறாமை அவர்கள் ரேஞ்சர்கள்மேல்தான். சாயங்காலம் முகாமில் உட்காரவைத்து ஓநாயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், குழந்தை கேட்கும் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் வரும். இங்கே அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. முதுமலையில் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இருக்கும் பழங்குடியினருக்குக் காடு அத்துப்படி. அவர்களைப் பார்வையாளரோடு பேசவைக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை.

கேரளத்துக்குத் தோன்றியிருக்கிறது. தேக்கடியில் ஒரு காலத்தில் காட்டுக்குள் திருட்டுத்தனமாக வயணப் பட்டை (காட்டு இலவங்கப்பட்டை) உரித்துக்கொண்டிருந்தவர்களையே தொண்ணூறுகளில் குழுவாகச் சேர்த்து, வழிகாட்டிகளாக்கி, ரோந்துக்கும் அனுப்பினார்கள். இறங்கி நடக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அங்கே பெரியாறு புலிகள் காப்பகத்தில் வழிகாட்டியோடு நடக்கலாம், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். மழைக்காலம் என்றால் அட்டைகள் நிறைய இருக்கும், காலுக்கு உறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.