புத்தகப் பெட்டியைக் கொழும்பிலேயே விட்டிட்டு வாங்கோ

தங்கச்சி, அடுத்த மாதம் டொரொண்டோ வாறன், பெட்டியில எத்தனை புத்தகம் கொண்டு வரலாம், அங்க ஈ-புத்தகம் இரவல் எடுக்க ஒரு லைப்ரரி காட் போதுமோ எண்டு கேட்டிருந்தீங்கள். நான் லீவுக்கு வந்து வெள்ளவத்தையில அம்மா வீட்டு விறாந்தையில இருந்துதான் இதை எழுதுறன். காலி வீதி பஸ் சத்தத்துக்குள்ள ஃபோனில வாசிக்கிறது டொரொண்டோ லைப்ரரிப் புத்தகம். பெட்டியில புத்தகம் வைக்கிற இடத்தில மிளகாய்த்தூளை வையுங்கோ.

டொரொண்டோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள். அந்த நகரத்தில இருந்தாலோ, வேலை செய்தாலோ, படிச்சாலோ காட் இலவசம். பேரும் விலாசமும் காட்டோணும், அவ்வளவுதான். ஃபோனில, நூலக ஈ-புத்தகம் இரவல் எடுக்கிற 'லிபி' எண்ட அப்பைப் போட்டு காட் நம்பரைக் குடுத்தால் சரி.

பிறகுதான் எரிச்சல் தொடங்கும். எல்லாரும் தேடுற புத்தகமெண்டால் வரிசை மாதக்கணக்கில நிக்கும். ஈ-புத்தகத்துக்கு என்ன வரிசை எண்டு நானும் சிரிச்சனான். பதிப்பகங்கள் நூலகத்துக்கு விக்கிறது உரிமம். அனேகமாக ஒரு உரிமத்தில ஒரு நேரத்தில ஒருவர்தான் வாசிக்கலாம். சிலது 2 வருசத்தோட முடியும், பிறகு திரும்பக் காசு கட்டி வாங்கோணும். அதாலதான் வேற ஒரு நூலகத்தின்ர காட்டும் ரெண்டாவதா இருந்தால் வசதி. லிபியில கன காட்டை ஒண்டாகச் சேர்க்கலாம். அதே புத்தகத்தை ரெண்டு நூலகத்திலயும் பதிஞ்சு வையுங்கோ, முந்தி வாறதை எடுத்துக்கொண்டு மற்றதை விடுங்கோ. ஒரே நாளில அஞ்சு புத்தகம் வந்து குவிஞ்சால், பிறகு தா எண்டு தள்ளிப்போடவும் வழி இருக்கு.

ரெண்டாவது காட் நேர்மையா வரோணும். டொரொண்டோவில ஸ்காபரோப் பக்கம் குடியிருந்துகொண்டு பக்கத்து ஊரான மார்க்கத்தில (Markham) வேலை செய்தால், வேலைக் கடிதத்தோட மார்க்கம் நூலகத்தில கேளுங்கோ. நான் பெரியம்மாவின்ர விலாசத்தைக் குடுத்து வேற ஒரு ஊரில காட் எடுத்தனான். ஒரு வருசம் கழிய விலாசத்தை உறுதிப்படுத்தச் சொல்லிச்சினம். காட் போச்சு, வரிசையில நிண்ட புத்தகமெல்லாம் போச்சு. பெரியம்மாவிட்ட வாங்கின ஏச்சு தனி.

பக்கத்து ஊர் நூலகங்கள் அச்சுப் புத்தகம் தந்தாலும், ஈ-புத்தகத்தைத் தங்கட ஆக்களுக்கு மட்டும் வைச்சிருக்கலாம். முதலே கேளுங்கோ.

ஈ-புத்தகம் வாசிக்கிற கருவியெண்டு கிண்டில் வாங்கிக்கொண்டு வராதேங்கோ. நூலகப் புத்தகத்தைக் கிண்டிலுக்கு அனுப்புற வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான். கனடாவில கோபோ எண்ட வாசிப்புக் கருவியை வாங்கினால் நூலக வசதி அதுக்குள்ளேயே இருக்கும்.

தமிழ்? லிபியில பெரிசா எதிர்பார்க்காதேங்கோ. ஸ்காபரோக் கிளைகளில தமிழ் அச்சுப் புத்தகத் தட்டு இருக்கு. எங்கட நாட்டுப் பழைய புத்தகம், சஞ்சிகையெண்டால் 'நூலகம்' எண்ட பேரிலயே ஒரு இணையத்தளம் இருக்கு. 2005இல தொடங்கினது, காட்டே தேவையில்லை, இப்பவே கொழும்பில இருந்து இறக்கலாம்.

இறங்கின கிழமையே பாங்க் கணக்குத் திறப்பீங்கள்தானே, லைப்ரரி காட் எடுக்கேக்க காட்ட, விலாசம் போட்ட கடிதம் ஒண்டு அங்க கேட்டு வாங்குங்கோ. பேஸ்மென்ட் வீட்டுக்காரர் எழுத்தில ஒண்டும் தரமாட்டினம்.