இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன், எதுக்கு படிக்கிறோம்னே தெரியல, நிறுத்திடலாமா?

தம்பி, ரெண்டாம் வருஷம்னு போட்டிருக்க, அப்போ ரெண்டு மூணு அரியர் இருக்கும், ராத்திரி தூக்கம் வராது, வீட்ல இன்னும் சொல்லியிருக்க மாட்ட. எனக்கு அப்படித்தான் இருந்துச்சு, அதான் எழுதுறேன்.

எங்களுக்கு கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் பக்கம். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. 2011ல ரப்பர் ஷீட் கிலோ 200 ரூபாய் தாண்டிச்சு, அந்த தைரியத்துலதான் வீட்ல என்னை இன்ஜினியராக்க முடிவு பண்ணாங்க. 2015ல மெக்கானிக்கல் சேர்ந்தேன், 2016 தொடக்கத்துல விலை 100க்கும் கீழ வந்துட்டு. காலேஜ் ஃபீஸ் மட்டும் குறையல. போர்டுல தெர்மோடைனமிக்ஸ் ஓடும், எனக்குள்ள இத முடிச்சா என்ன முடிக்கலேன்னா என்னன்னு ஓடும்.

மூணாம் வருஷம் கிளாசுக்கே போகல. அம்மா கெட்டித் தந்த சோத்த எடுத்துட்டு நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுல சாயங்காலம் வரைக்கும் இருப்பேன். மூணு வாரம் அப்படியே போச்சு, பிறகு தாங்காம அப்பாகிட்ட சொல்லிட்டேன். அடி விழும்னு நெனச்சேன். "செரி மக்கா, நாளைக்கு காலத்த எந்திச்சு கூட வா"ன்னாரு, அவ்வளவுதான்.

மூணரை மணிக்கு தலையில லைட்ட கெட்டிட்டு போவோம். முதல் வாரம் கத்தி வசப்படாம ஆழமா வெட்டி நாலு மரத்த காயப்படுத்திட்டேன், அப்பா ஒண்ணும் சொல்லல. உடம்பு நொந்தா இந்தக் கேள்வி போயிரும்னு நெனச்சேன். போகல. அம்பதாவது மரத்துல பால் பிடிக்க சிரட்டைய வைக்கும்போதும் அதே கேள்விதான்.

அப்புறம் ஐடிஐ போலாம்னு காலேஜ்ல டிசி கேட்டா மிச்ச வருஷத்து ஃபீஸையும் கெட்டுன்னாங்க, பத்தாங்கிளாஸ், பன்னெண்டாங்கிளாஸ் மார்க் ஷீட் ஒரிஜினல் எல்லாம் அவங்க கையில. ஒரிஜினல பிடிச்சு வைக்கக்கூடாதுன்னு 2018ல யுஜிசியே சொல்லிச்சு. அப்பா செருப்ப வெளிய கழட்டிட்டு அந்த ஆபீஸ் வாசல்ல நின்னது இப்பவும் எரியுது.

2017 நவம்பர் 30 ஓகி புயல். எங்க மரம் பாதிக்கு மேல சாஞ்சிட்டு. கடலுக்குப் போனவங்க திரும்பாத வீடுகள நெனச்சா எங்க நஷ்டம் பேசவே கூடாது. அடுத்த மழைக்கு அப்பா புதுக் கன்னு வச்சாரு, பால் கிடைக்க ஏழு வருஷம் ஆவும், இடையில கைதச்சக்கை, அதான் அன்னாசி, போட்டோம். நானும் கூடக் குழி வெட்டினேன். அந்தக் கேள்விய மனசுல வச்சுக்கிட்டே குழி வெட்ட முடியுதுன்னா பரீட்சையும் எழுதலாமேன்னு அப்பதான் தோணிச்சு. 2018 ஜூன்ல ஜூனியர் பசங்களோட உட்கார்ந்தேன், 2020ல முடிச்சேன்.

படிப்ப விட்டுட்டு நல்லா இருக்கிறவங்க யாராவது கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க, டிகிரி இல்லேன்னா வாழ்க்கை இல்லன்னு நான் சொல்லல. மனசு ரொம்ப மோசமா இருந்தா டாக்டர பாரு, அது வேற விஷயம்.

தம்பி, உடனே டிசி கேக்காத. அண்ணா யுனிவர்சிட்டி காலேஜ்னா பிரேக் ஆஃப் ஸ்டடி இருக்கு, அதாவது படிப்ப கொஞ்ச நாள் நிறுத்தி வச்சுட்டு திரும்ப சேரலாம், ஹெச்ஓடிகிட்ட கேளு, அட்டெண்டன்ஸ் 75க்கு கீழ போறதுக்கு முந்தியே கேளு. நான் கேக்கல, ஒரு வருஷம் போச்சு.